ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு கார்ட் தேடுவது

கச்சேரி மேடைக்குத் துண்டுச் சீட்டு வந்துவிட்டால் கீபோர்டுக்காரனுக்குத் தப்பிக்க வழியில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏதோ பழைய பாட்டைக் கேட்டு எழுதி அனுப்பியிருப்பார். பாடகர் "வரும்" என்று தலையாட்டுவார். தபலாக்காரருக்கு நடை தெரிந்தால் போதும். கார்ட், அதாவது பாட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து, போடுகிறவன் மட்டும், எந்த வார்த்தையில் எது மாறும் என்பதை அந்த அரை நிமிடத்துக்குள் மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பகலில் நான் பல்லடத்தில் நூல் வியாபாரக் கணக்கு எழுதுகிறவன். மாசியில் கோவை கோனியம்மன் தேர், பொள்ளாச்சி மாரியம்மன் நோம்பி, பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் பண்டிகை என்று தொடங்கினால், வெயில் காலம் முழுக்கக் கொங்கு நாட்டில் ஏதாவது ஓர் ஊரில் பந்தல் போட்டிருப்பார்கள். அந்த மாதங்களில் இரவுகள் எங்கள் இன்னிசைக் குழுவுக்குப் போய்விடும். இசைக் கல்லூரிப் படிப்பு கிடையாது. காதால் கார்ட் பிடிக்க நான் கற்ற வழி இது. வேறு நல்ல வழிகளும் இருக்கும்.

தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது, கார்ட் வகைகளில் மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்பது. இதனால் எனக்கு ஒரு பயனும் ஏற்படவில்லை. மேற்கத்திய மேஜர் ஸ்கேலுக்கு ஒத்த சங்கராபரண ராகத்தின் ஏழு ஸ்வரங்களில் (ஷட்ஜம் ஸ, ரிஷபம் ரி, காந்தாரம் க, மத்திமம் ம, பஞ்சமம் ப, தைவதம் த, நிஷாதம் நி) ஒவ்வொன்றையும் அடியாக வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்களைச் சேர்த்தால் ஏழு கார்ட் கிடைக்கும். அடி ஸ்வரத்தின் வரிசைதான் கார்டின் எண். அவற்றில் மூன்று மேஜர், மூன்று மைனர், கடைசி ஒன்று டிமினிஷ்டு. அதாவது ஒரு குதூகலமான பாட்டுக்குள்ளேயே மூன்று மைனர்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை வரும் இடத்தில் யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லை. ஒரு கார்டைத் தனியாக எடுத்து அதன் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வது ஒரு பயிற்சி. ஓடுகிற பாட்டில் அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று சொல்வது வேறு பயிற்சி. மேடைக்கு வேண்டியது இரண்டாவது.

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன் பெருந்துறைக்காரர், அதிகம் பேசாதவர். நான் பாட்டைக் கேட்டுவிட்டுக் கீபோர்டில் மூன்று மூன்று விரலாக வைத்துத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, மேலே தேடாதே. அடியில் ஒரே ஒரு ஸ்வரம் நகர்கிறது, அதைப் பாடிக் காட்டு" என்றார். பாடிக் காட்ட முடியவில்லை. எத்தனையோ முறை கேட்ட பாட்டு. பல்லவி, சரணம், இடையில் வரும் புல்லாங்குழல் எல்லாம் மனப்பாடம். பேஸ் மட்டும் காதில் ஏறியதே இல்லை.

அதற்கு நல்ல பள்ளிக்கூடமாக அமைந்தது எங்கள் பக்கத்துத் தனியார் பஸ். கரூரில் கூண்டு கட்டி வரும் அந்த வண்டிகளில் இருக்கைக்குச் செலவழித்ததைவிட ஸ்பீக்கருக்குச் செலவழித்திருப்பார்களோ என்று தோன்றும். பல்லடத்திலிருந்து உடுமலைப் பக்கம் போகும்போது பின்பக்கம், ஊஃபர் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்தால் பாடகர் குரல் மங்கி, பேஸ் மட்டும் முதுகெலும்பில் ஏறும். மற்றவர்களுக்கு அது தொல்லை. எனக்குப் பாடகரை யாரோ வாயைப் பொத்தி உட்கார வைத்ததுபோல் வசதியாக இருந்தது. 1980களின் தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் சும்மா அடியில் நின்று துடிப்பதில்லை, தனிப் பாட்டாகவே நடக்கும். பஸ்ஸில் அதிகம் ஓடுவதும் அந்தக் காலத்துப் பாட்டுகள்தான்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பேஸ் கிட்டாரின் நான்கு திறந்த தந்திகள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் இந்த அடி அதிர்வுகளைத் தருவதே இல்லை. மேலே இருக்கும் துணை அதிர்வுகளை வைத்துக் காது தானாக ஊகித்துக்கொள்கிறது. பழகிய காது ஊகித்துவிடும், புதுக்காது தவிக்கும். ஆகவே கைபேசியை மேசையில் வைத்துக் கேட்டுவிட்டு "எனக்கு பேஸ் கேட்கவில்லை" என்று வருந்த வேண்டாம். காதுக்குள் அடைத்து உட்காரும் இயர்போன் இருந்தாலே பாதித் தொல்லை தீரும். இன்னொரு வழி, கேட்ட பேஸை உடனே ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாயால் பாடுவது. நம் குரல் எட்டாத இடத்தில் ஓடுகிற ஸ்வரம் நினைவில் நிற்காது; குரலுக்குள் வந்துவிட்டால் நிற்கும்.

பேஸ் பிடிபட்ட பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. பேஸ் மத்திமத்தில் இருந்தால் மேலே இருப்பது நான்காவது கார்ட் என்று எழுதிவிடலாமா? பெரும்பாலும் எழுதலாம். ஆனால் பேஸ் எப்போதும் கார்டின் வேர் ஸ்வரத்தில்தான் நிற்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஸ-க-ப என்ற கார்டுக்கு அடியில் காந்தாரம் நின்றாலும் அது ஸ-க-ப-தான். பிரெஞ்சு இசையறிஞர் ராமோ இதை 1722-இலேயே விளக்கிவிட்டார். அப்படியானால் பேஸ் காந்தாரத்தில் நிற்கும்போது மேலே இருப்பது முதல் கார்டா, க-ப-நி என்ற மூன்றாவது கார்டா?

இதற்கு விடை வீட்டிலேயே கிடைத்தது. அக்கா மகள் பாட்டு வகுப்புக்குச் சாதகம் செய்கிறவள். ஒருநாள் சுருதிப் பெட்டியை ஓடவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் அதே அறையில் ஒரு பாட்டைப் போட்டேன். இரண்டும் தற்செயலாக ஒரே கட்டை, அதாவது ஒரே சுருதி. பாட்டு ஓட ஓட, மாறாமல் நிற்கும் அந்த ஷட்ஜம் சில இடங்களில் பாட்டுக்குள் கரைந்து காணாமல் போனது. சில இடங்களில் பல்லில் மணல் பட்டதுபோல் நறநறத்தது. நறநறத்த இடங்கள் எல்லாம் ஐந்தாவது கார்ட் வரும் இடங்கள்.

யோசித்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை. நாம் பிறந்ததிலிருந்து கேட்டது ஒத்து. நாதஸ்வரக்காரர் என்ன வாசித்தாலும் பக்கத்தில் ஒருவர் ஷட்ஜத்தை விடாமல் பிடித்திருப்பார். நோம்பிக்கு வரும் துடும்பு, ஜமாப் மேளங்களிலும் கார்ட் என்ற பேச்சே கிடையாது. அதனால் நம் காதுக்கு கார்ட் அந்நியம் என்று சிலர் சொல்வார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: ஷட்ஜத்தை விடாமல் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, கார்ட் பிடிக்க அதுவே நல்ல கருவி.

முறை இதுதான். பாட்டின் ஷட்ஜத்தைக் கண்டுபிடித்து வாயை மூடி முனக வேண்டும். கார்ட் மாறும்போதும் முனகலை மாற்றக் கூடாது. அது உள்ளே உட்கார்ந்தால் அந்தக் கார்டில் ஷட்ஜம் இருக்கிறது. முதல் கார்ட் ஸ-க-ப, நான்காவது ம-த-ஸ, ஆறாவது த-ஸ-க, இந்த மூன்றில்தான் ஷட்ஜம் உண்டு. அடுத்த சுற்றில் பஞ்சமத்தைப் பிடித்து முனக வேண்டும். பஞ்சமம் இருப்பது முதலாவதிலும், மூன்றாவதான க-ப-நி-யிலும், ஐந்தாவதான ப-நி-ரி-யிலும். இரண்டும் உட்கார்ந்தால் முதல் கார்ட், சந்தேகமே இல்லை. ஷட்ஜம் மட்டும் உட்கார்ந்தால் நான்கோ ஆறோ. பஞ்சமம் மட்டும் உட்கார்ந்தால் ஐந்தோ மூன்றோ. இரண்டுமே உட்காராவிட்டால் ரி-ம-த என்ற இரண்டாவது, எப்போதாவது ஏழாவது. மிச்சக் குழப்பத்தைக் காந்தாரம் தீர்க்கும். ஆறிலும் மூன்றிலும் காந்தாரம் உண்டு, நான்கிலும் ஐந்திலும் இல்லை. தம்புராவில் கேட்கிற ஸ்வரங்களை வைத்தே ஏழில் ஐந்து கார்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம்.

காகிதத்தில் இது சுத்தமாக இருக்கிறது, காதில் அவ்வளவு சுத்தமில்லை. ஐந்தாவது கார்டின் மேல் ஷட்ஜம் நறநறப்பதற்குக் காரணம் அதில் இருக்கும் காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த நிஷாதம், ஷட்ஜத்துக்கு அரை ஸ்வர தூரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவதிலும் அதே நிஷாதம், அதே நறநறப்பு. ஆனால் இரண்டாவது கார்டின் மேல் ஷட்ஜத்தை முனகினால் சண்டை வராது, இனிமையாக மிதக்கும். ஆறாவதின் மேல் பஞ்சமமும் அப்படியே. இனிமையாக இருக்கிறதே, உள்ளே இருக்கும் ஸ்வரம்தான் போலும் என்று காது ஏமாறும். உட்கார்வதற்கும் மிதப்பதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லிப் புரிவதில்லை. கீபோர்டில் ரி-ம-த-வைப் பிடித்து ஷட்ஜம் முனகி, அப்படியே ம-த-ஸ-வுக்கு மாற்றி, மறுபடி திரும்பி என்று போய் வந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பிரிந்து தெரியும். எனக்கு அதிக நாள் பிடித்த இடம் இதுதான். இன்றும் வேகமான பாட்டில் இரண்டையும் நான்கையும் பேஸ் கிட்டார் அண்ணனைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

ஆனால் காந்தாரத்தில் பேஸ் நிற்கும் பழைய சிக்கல் ஒரு முனகலில் தீர்ந்துவிட்டது. ஷட்ஜம் உட்கார்ந்தால் முதல் கார்ட், பேஸ் மட்டும் இடம் மாறியிருக்கிறது. நறநறத்தால் மூன்றாவது. இதில் காது ஏமாறுவது அரிது.

சுருதிப் பெட்டிச் செயலியை வைத்து இதைப் பழகுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேசட்டிலிருந்து வந்த பழைய பதிவுகள் நாடா ஓடிய வேகத்துக்கு ஏற்பச் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். ஒரு கட்டை என்று வைத்தால் கட்டைக்கும் அரைக்கட்டைக்கும் நடுவில் எங்கோ தொங்கும். அப்போது எல்லாக் கார்டுமே நறநறக்கும். செயலியில் நுண்ணிய சுருதி மாற்றம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாயால் முனகுவதே மேல். பஸ்ஸிலும் வாயால் முனகுவதுதான். பக்கத்தில் இருப்பவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். டிரைவர் கியர் மாற்றும்போது எஞ்சினும் சுருதி மாற்றும். அதற்கு மருந்து இல்லை.

எண்களில் நினைப்பது ஏன் முக்கியம் என்று மேடையில்தான் விளங்கியது. ஒன்று, ஐந்து, ஆறு, நான்கு என்று சுழலும் பாட்டு ஒரு கட்டையில் சி, ஜி, ஏ மைனர், எஃப். பாடுகிறவருக்கு அந்தச் சுருதி ஒத்துவரவில்லை, நாலு கட்டையில் வேண்டும் என்றால் எஃப், சி, டி மைனர், பி ஃபிளாட். எழுத்துகளை மனப்பாடம் செய்தவன் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டிருப்பான். எண்களாகக் கேட்டவனுக்கு எதுவும் மாறவில்லை. அமெரிக்காவில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1950களின் இறுதியிலிருந்து இப்படி எண்களால் எழுதிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. கீபோர்டில் சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறதே என்று கேட்பார்கள். பேஸ் கிட்டாரில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. "என்ன கார்ட்?" என்று அண்ணன் கண்ணால் கேட்கும்போது நான்கு விரல் காட்டினால் அவருக்குப் போதும்.

முடிப்புகளை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகியது பெரிய உதவி. ஐந்திலிருந்து ஒன்றுக்கு வருவதில் நிஷாதம் ஷட்ஜத்துக்கு ஏறுகிறது, முனகிக்கொண்டிருந்த ஷட்ஜத்தின் நறநறப்பு சட்டென்று அடங்குகிறது. நான்கிலிருந்து ஒன்றுக்கு வரும்போது ஷட்ஜம் இரண்டிலும் இருப்பதால் நறநறப்பும் இல்லை, அடங்கலும் இல்லை. தைவதம் பஞ்சமத்துக்கும் மத்திமம் காந்தாரத்துக்கும் மெல்ல இறங்கும். கிறிஸ்தவப் பாடல்களின் கடைசியில் "ஆமென்" பாடும்போது வருவது இந்த இரண்டாவது முடிப்பு. எங்கள் டிரம்ஸ் தம்பி ஈரோட்டில் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவன். நான்கு குரல்களுக்கு நடுவில் நின்று தன் குரலை மட்டும் பிடித்துப் பழகியவன். நான் கஷ்டப்பட்டுக் கற்றது அவனுக்குப் பத்து வயதிலேயே வந்திருக்கிறது. வாய்ப்பிருப்பவர்கள் பாடகர் குழுவில் நடுக்குரல் பாடிப் பார்க்கலாம். பணம் கொடுத்துச் சேரும் வகுப்புகள் பலவற்றைவிட அது மேல் என்பது என் எண்ணம்.

மைனர் பாட்டுகளுக்கு வந்தால் முறை சற்று மங்குகிறது. மைனர் ஸ்கேலுக்கு ஒத்த நடபைரவி ராகத்தில் நிஷாதம் கைசிகி, ஷட்ஜத்துக்கு ஒரு முழு ஸ்வரம் கீழே. அதனால் ஐந்தாவது கார்டின் மேல் ஷட்ஜம் நறநறக்காமல் மிதக்கும். எது உட்கார்ந்தது, எது மிதக்கிறது என்ற பழைய தலைவலி எல்லாக் கார்டுக்கும் வந்துவிடும். கீரவாணி ராகம் எளிது. நிஷாதம் காகலியாக இருப்பதால் ஐந்தாவது கார்ட் மேஜராகி, பழையபடி முட்டும். பல பாட்டுகளில் நடுவில் நடபைரவி, வரி முடியும் இடத்தில் மட்டும் கீரவாணி என்று வரும். அந்த ஒரு இடம் கிடைத்தால் மற்றவற்றை அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பிடித்துவிடலாம். எது ஷட்ஜம் என்பதே சிலசமயம் குழப்பும். மேஜரின் தைவதத்தை ஷட்ஜமாக எடுத்தால் அதே ஸ்வரங்கள் நடபைரவியாகிவிடும். பாட்டு எங்கே மூச்சு விட்டு ஓய்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு சோதனை எனக்குத் தெரியாது.

ராகத்துக்கு வெளியே இருந்து வரும் ஸ்வரங்களுக்கு நான் வைத்திருப்பது தோராயமான விதி: உயர்த்தப்பட்ட ஸ்வரம் மேலே போகத் துடிக்கும், தாழ்த்தப்பட்டது கீழே இறங்கும். மேஜர் பாட்டில் மத்திமம் திடீரென்று பிரதி மத்திமமாகி ஒலித்தால் பெரும்பாலும் இரண்டாவது கார்ட் மேஜராக்கப்பட்டிருக்கிறது, அடுத்து ஐந்தாவது வரும். பஞ்சமம் அரை ஸ்வரம் ஏறினால் மூன்றாவது மேஜராகி ஆறாவதுக்கு வழி விடுகிறது. நான்காவது கார்டின் தைவதம் அரை ஸ்வரம் இறங்கி மைனரானால், அங்கிருந்து பஞ்சமத்துக்குச் சரிந்து முதல் கார்டில் சேரும். நிஷாதமே கைசிகியாக இருந்தால் பாட்டு ஹரிகாம்போஜிப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அங்கே நி-ரி-ம என்ற மேஜர் கார்ட் ஐந்தாவதின் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்நிய ஸ்வரத்தை முதலில் பாட வேண்டும், கார்டின் பெயர் பிறகு தானாக வரும்.

பழகும்போது கீபோர்டைத் தொடாமல் இருப்பதுதான் கடினம். ஒரு காகிதத்தில் தாளச் சுற்றுகளுக்குக் கோடு போட்டு, கார்ட் மாறுகிற இடத்தில் ஒரு சாய்கோடு மட்டும் இழுப்பேன்; என்ன கார்ட் என்று எழுதுவதில்லை. மாற்றங்கள் பெரும்பாலும் சுற்றின் தலையில் வரும், வரி முடியும் இடங்களில் நெருங்கி வரும். பிறகு பேஸைப் பாடி எண் போடுவேன். பிறகு ஷட்ஜமும் பஞ்சமமும் முனகி எண்களைச் சரிபார்ப்பேன். எல்லாம் முடிந்த பிறகுதான் கீபோர்டு. முதலிலேயே விரலை வைத்தால் விரல் தனக்குப் பழக்கமான கார்டைத்தான் தேடும், காதும் சரி என்று ஒப்புக்கொண்டுவிடும். பாட்டும் மிக நன்றாகத் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும், புதுப்பாட்டில் வார்த்தையும் மெட்டும் கவனத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். இணையத்தில் கார்ட் எழுதிவைத்திருப்பதை நானும் பார்ப்பேன், என் தாளை முடித்த பிறகு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் அவர்களே சரி என்று எடுத்துக்கொள்வதில்லை. அங்கே பேஸ் இடம் மாறி நிற்பதை அவர்கள் தனிக் கார்டாக எழுதியிருப்பது அடிக்கடி நடக்கிறது.

துண்டுச் சீட்டு இன்னும் வருகிறது. தெரியாத பாட்டாக இருந்தால் பாடகரிடம் பல்லவியை மைக்குக்கு வெளியே ஒருமுறை மெல்லப் பாடச் சொல்லி, நான் பக்கத்தில் ஷட்ஜம் முனகிக்கொள்வேன். அதற்குள் தபலாக்காரர் சுருதி பார்ப்பதுபோல் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி நேரம் வாங்கித் தருவார்.